முடியப்பன் என்று ஒருவர்

மகளுக்கு டிசம்பர் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். ஆணா பெண்ணா தெரியாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெயர்ப் பட்டியல் பெங்களூரிலிருந்து என் செல்பேசிக்கு வந்து விழுந்தது. நோயல், நேட்டலி, நிக்கோலஸ், ஹாலி, ஸ்டெல்லா. கீழே ஒரு வரி: "எல்லாமே கிறிஸ்துமஸ் பேருப்பா. எது நல்லாருக்கு, சொல்லுங்க."

அன்றைக்குத்தான் நட்சத்திரத்தை எடுக்கப் பரணில் ஏறியிருந்தேன். காகித நட்சத்திரத்தை எலி பதம் பார்த்திருந்தது. அதற்குப் பின்னால் அப்பாவின் பிஸ்கட் டப்பா. மூடி துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், பழைய தாளும் அந்துருண்டையும் கோந்தும் கலந்த வாசனை. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே வாழ்த்து அட்டைகள், கட்டுக் கட்டாக, சணல் போட்டுக் கட்டியவை. அவற்றின் மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எதையும் பட்டியல் போட்டால்தான் அவருக்கு உறக்கம் வரும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'வாழ்த்து அனுப்ப வேண்டியவர்கள்' என்று தலைப்பிட்டு, அடியில் கோடு போட்டு, வரிசையாகப் பெயர்கள். சவரிமுத்து, சந்தியாகு, சின்னப்பன், அருளப்பன், இஞ்ஞாசி, வியாகுலம், ஆரோக்கியம், அமலோற்பவம், ஆசீர்வாதம், தேவசகாயம். அட்டை போய்விட்டால் ஒரு டிக். அங்கிருந்தும் வந்துவிட்டால் இரண்டு டிக். இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரே டிக் என்றால் மூன்றாம் வருஷம் அந்தப் பெயர் இருக்காது. அன்பிலும் கணக்கு வைத்த மனிதர்.

மகள் அனுப்பிய பட்டியல் ஒரு கையில், அப்பாவின் பட்டியல் இன்னொரு கையில். இரண்டும் கிறிஸ்துமஸ் பட்டியல்தான்.

எங்கள் ஊர் வடக்கன்குளத்துக்குப் பக்கம். திருநெல்வேலிச் சீமை முடிந்து கன்னியாகுமரி தொடங்கப்போகிற இடம். தாத்தா எங்கள் கோயிலில் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் என்றால் பங்குச் சாமியார் வராத நாட்களில் ஊரை நடத்துகிறவர். மந்திரம் சொல்லிக் கொடுப்பார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், பிறந்த பிள்ளைக்குப் பெயர் எடுத்துக் கொடுப்பார். பெயர் எடுப்பதற்கு அவர் காலண்டரைத்தான் பார்ப்பார். எந்தப் புனிதரின் திருநாளில் அல்லது அதன் பக்கத்தில் பிள்ளை பிறந்ததோ அந்தப் பெயர். பெற்றவர்களிடம் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அலையவே வேண்டியதில்லை என்பார். 3 சவேரியார். 8 அமலோற்பவ மாதா. 21 தோமையார், அப்போது அப்படித்தான், பிறகு அவரை ஜூலைக்கு மாற்றிவிட்டார்கள். 26 முடியப்பர். 27 அருளப்பர். என் அம்மாவுக்கு நடுச்சாமப் பூசையில் பாலன் சுரூபத்தை முத்தி செய்யப் போன இடத்தில் இடுப்பு வலி கண்டது. பாலனோடு சேர்ந்து நானும் வந்துவிடுவேன் என்று ஊரே எதிர்பார்த்ததாம். நான் ஒரு பகலும் ஓர் இரவும் தாமதித்து 26 விடியற்காலையில் பிறந்தேன். தாத்தாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. முடியப்பன் என்று ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போவது என்ன பாடு என்று அந்தப் பெயர் உள்ளவனுக்குத்தான் தெரியும். "ஏலே முடி, முடி வெட்டலையா?" என்பான் ஒருவன். "முடியுமா முடியாதா அப்பன்?" என்பான் இன்னொருவன். கணக்கு தப்பாகப் போட்டால் வாத்தியாரே "உன்னால முடியாதப்பா" என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். ஒருநாள் அழுதுகொண்டே வந்து தாத்தாவிடம் கேட்டேன், எனக்கு ஏன் மயிர் என்று பெயர் வைத்தீர்கள் என்று.

தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். "எலே, வேதத்துக்காக உயிரக் குடுத்த முதல் வேதசாட்சி பேரு ஒனக்கு. கிரேக்கத்துல ஸ்தேபானோஸ். அப்படின்னா கிரீடம். கிரீடத்துக்குத் தமிழ்ல என்னலே? முடி. சேரன், சோழன், பாண்டியனை முடியுடை மூவேந்தர்னு படிக்கியா இல்லியா? ராசா வச்சுக்கிடுதது முடி. அதான் முடியப்பர்."

"பின்ன ஏன் தாத்தா எல்லாரும் மயிர்ங்கான்?"

"அதுவும் தலையிலதான இருக்கு" என்றார் தாத்தா. எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் அன்றிலிருந்து பெயர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் கிறுக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. தாத்தாவுக்கும் கேட்க ஓர் ஆள் கிடைத்தது. பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்பது எபிரேயத்தில் கடவுள் அருள் செய்தார் என்று பொருள்படும், அதனால் அருளப்பர். பெனடிக்ட் ஆசி பெற்றவர், அதனால் ஆசீர்வாதம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு தேவசகாயம் இருப்பார். அது லாசர் என்கிற பெயரின் தமிழாக்கம், கடவுள் துணை நின்றார் என்று அர்த்தம். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வைத்த பெயர் அதுதான். 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமையில் அவரைப் புனிதராக அறிவித்த அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். லத்தீன் வாசகங்களுக்கு நடுவே 'தேவசகாயம்' என்று கேட்டபோது, உபதேசியார் ஒருவர் எங்கோ வெற்றிலை துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்வது போல இருந்தது எனக்கு.

எல்லாப் பெயருக்கும் இப்படிப் பொருள் சொல்லித் தப்பித்துவிட முடியாது. சில பெயர்கள் கப்பலில் வந்து இறங்கியபடியே ஊருக்குள் நடந்து வந்துவிட்டன. சூசை அப்படித்தான். போர்ச்சுகீசியரின் 'ஜோசே' நம் நாக்கில் சூசையாயிற்று. சந்தியாகு இன்னும் வேடிக்கை. 'சான்' என்றால் புனிதர், 'தியாகு' என்பது யாக்கோபு. பெயரிலேயே புனிதர் உட்கார்ந்திருக்க, நாம் 'புனித சந்தியாகப்பர்' என்று இன்னொரு புனிதரையும் ஏற்றி வைத்திருக்கிறோம். சவேரியார் என்பது ஆளின் பெயரே இல்லை, ஊர்ப் பெயர். ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர் சேவியர். பாஸ்கு மொழியில் 'புது வீடு' என்று அதற்குப் பொருள். ஆக எங்கள் தெருவின் சவரிமுத்து, புது வீட்டு முத்து. அவருக்குக் கடைசிவரை ஓலை வீடுதான்.

அம்மா வீடு நாசரேத்.

இதை வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் பைபிள் நாசரேத்தையே நினைப்பார்கள். நான் சொல்வது திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையில் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்து வருகிற நாசரேத். அந்தப் பக்கம் முழுக்கப் புராட்டஸ்டண்ட் ஊர்கள். மிஷனரிமார் வைத்த பெயர்கள் வரிசையாக நிற்கும், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம் என்று. எங்கள் அப்பா வேதக்கோயில்காரர், அம்மா மிஷன்காரர் வீட்டுப் பெண். அந்தக் காலத்தில் அது சாதாரணக் கல்யாணம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்து, நான் பிறந்த பிறகுதான் சரியானது என்பார்கள்.

அதனால் எனக்குக் கிறிஸ்துமஸுக்கே இரண்டு தமிழ். எங்கள் ஆச்சி கும்பிட்டது சேசுநாதரை. நாசரேத்து ஆச்சி ஜெபித்தது இயேசுவிடம். இங்கே சர்வேசுரன், அங்கே கர்த்தர். இங்கே பூசை, அங்கே ஆராதனை. இங்கே சாமியார், அங்கே ஐயர். ஆமாம், சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வரும் பாதிரியாரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். முதன்முதலில் "ஐயர் வந்திருக்காவ, எந்திரி" என்று ஆச்சி எழுப்பியபோது நான் குடுமியைத் தேடினேன்.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. பிறந்த பாலனைப் பார்க்க எங்கள் கோயிலில் வந்தவர்கள் மூன்று ராசாக்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரோடு வருவார்கள். ஜனவரி 6 அவர்கள் திருநாள். நாசரேத்து ஆச்சியின் பைபிளிலோ வந்தவர்கள் கிழக்கத்திச் சாஸ்திரிகள். ராசாக்கள் என்றும் இல்லை, மூன்று பேர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் பிற்காலத்தில் ஆளும் மூன்றாகி, கிரீடமும் பெயரும் கிடைத்திருக்கிறது. எனக்கு இது தெரியாமல் ஒரு வருஷம் அங்கே சண்டே ஸ்கூல் நாடகத்தில் 'நான் ராசா' என்று அட்டைக் கிரீடம் கட்டிக்கொண்டு மேடையேற, "இது யாரு வீட்டு வேதக்கோயில் பய?" என்று முன்வரிசையில் ஒரே சிரிப்பு. பெயர்தான் முடியப்பன், போட்ட முடியையும் கழற்ற வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலனை எங்கே கிடத்தினார்கள்? எங்கள் குடிலில் வைக்கோல் மேல். ஆச்சியின் பைபிளில் முன்னணையில். கேட்ட மாத்திரத்தில் எனக்கு மணிமுத்தாறு அணை நினைவுக்கு வந்தது, அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். பச்சைப் பிள்ளையை அணைக்கட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்களா என்று ராத்திரியெல்லாம் கவலை. காலையில் கேட்டபோது ஆச்சி என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போனாள். மாட்டுக்கு முன்னால் வைக்கோல் சிந்தாமல் இருக்க அணைத்துக் கட்டியிருந்த மண்மேட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதாம்ல முன்னணை." மாடு அதன் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஈரமாய், சூடாய். இப்போதைய திருவிவிலியத்தில் தீவனத் தொட்டி என்று இருக்கிறது. எல்லோருக்கும் புரியும்தான். எனக்கென்னவோ, அந்த மாட்டின் மூச்சு முன்னணையில்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு தடவை இரண்டு தாத்தாக்களும் எங்கள் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டில் முந்திரிக்கொத்தும், நாசரேத்திலிருந்து வந்த முதலூர் மஸ்கோத் அல்வாவும். பேச்சு எப்படியோ பூசைக்குப் போய்விட்டது. எங்கள் தாத்தா கேட்டார்: "சம்பந்தி, பூசையே கூடாதுங்கீரு. அப்ப கிறிஸ்துமஸ்னு ஏன் சொல்லுதீரு? கிறிஸ்துமஸ்னா கிறிஸ்துவுக்கப் பூசைன்னு அர்த்தம். உம்ம பண்டிகைப் பேருக்குள்ள எங்க பூசை உக்காந்திருக்குல்லா?" சொன்னது சரிதான். பழைய ஆங்கிலத்தில் கிறிஸ்துவின் 'மாஸ்' என்பதே கிறிஸ்துமஸ். அந்த 'மாஸ்' லத்தீன் மிஸ்ஸாவிலிருந்து வந்தது.

நாசரேத்துத் தாத்தா பள்ளி ஆசிரியர், லேசில் விடுகிறவர் இல்லை. "ஓய், அந்த மிஸ்ஸாவை உம்ம ஆளுக முதல்ல தமிழ்ல எப்படி எழுதுனாங்க? மீசைன்னுல்லா எழுதுனாங்க" என்றார். எங்கள் தாத்தாவே பல தடவை சொல்லும் கதைதான் அது. போர்ச்சுகீசியக் காலத்துப் பாதிரிமார் மிஸ்ஸாவைத் தமிழ் எழுத்தில் இறக்கியபோது அது 'மீசை'யாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மீசை காணாதவனுக்குப் பாவம் என்றால் யார் பயப்படுவார்கள்? 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, நாம் தத்துவ போதகர் என்கிறோமே, அவர்தான் கடற்கரையில் புழங்கிய இப்படிப்பட்ட சொற்களைக் கழித்துவிட்டு, பூசை, கோயில், குரு, பிரசாதம் என்று இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த சொற்களை எடுத்துக்கொண்டார். அவருக்கு நூறாண்டுக்குப் பின்னால் வந்த பெஸ்கி இன்னும் ஒருபடி மேலே போனார். தன் பெயரான கான்ஸ்டன்டைனைத் தைரியநாதர் ஆக்கிக்கொண்டார். ஜோசப்பின் பெயருக்குள் வளர்ச்சி, பெருக்கம் என்கிற எபிரேயப் பொருள் இருப்பதைப் பிடித்து, 'வளன்' என்று தேம்பாவணியின் தலைவனுக்குப் பெயரிட்டார். அது 1726. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியைத் தூய வளனார் கல்லூரி என்று சொல்வது அவர் போட்ட பிச்சை. தமிழுக்கே முனிவரான பிறகு அவரை வீரமாமுனிவர் என்றுதானே சொல்கிறோம்.

திண்ணைச் சண்டை எப்படி முடிந்தது என்றால், நாசரேத்துத் தாத்தா அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எது எப்படியோ, கர்த்தர் எங்க ஊர்க்காரர்லா" என்றார். எங்கள் தாத்தாவிடம் அதற்குப் பதில் இல்லை.

அப்பாவின் டப்பாவில் தனியாக ஒரு சிறு கட்டு இருந்தது. கொழும்பிலிருந்து பெரியப்பா அனுப்பியவை. புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதினார். வருஷா வருஷம் அட்டை வரும், பளபளப்புத் தூள் தூவியது. கையில் எடுத்தால் இன்றைக்கும் விரலில் ஒட்டுகிறது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: நத்தார் வாழ்த்துக்கள். இங்கே நாங்கள் கிறிஸ்துமஸ் என்று இங்கிலீஷுக்கு மாறிய பிறகும் அங்கே பெரியப்பா நத்தாரிலேயே இருந்தார். ஊருக்கு வந்தால் பூட்ஸைச் சப்பாத்து என்பார், ரொட்டியைப் பாண் என்பார், அடுப்படியைக் குசினி என்பார். நாங்கள் பரிகாசம் பண்ணுவோம். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை என்று நாங்கள் வாய் நிறையப் பேசுவதும் அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்ததுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் தாத்தாவை அவர் நத்தார் பாப்பா என்றதும், தொட்டில் பிள்ளை எப்படிப் பரிசு கொண்டுவரும் என்று என் தங்கை கேட்டாள்.

நத்தார் வேறொன்றுமில்லை, போர்ச்சுகீசிய 'நத்தால்'. லத்தீனில் 'நத்தாலிஸ்', பிறந்தநாள். ஏணியில் உட்கார்ந்தபடி செல்பேசியை எடுத்து மகளின் பட்டியலை மறுபடி பார்த்தேன். நோயல் என்பது அதே நத்தாலிஸ் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்தது. நேட்டலி அதே நத்தாலிஸின் பெண்பிள்ளை. பெங்களூர் அடுக்ககத்தில் என் மகள் புதுசு என்று நினைத்துத் தேடிக் கண்டுபிடித்தது, பெரியப்பா புறக்கோட்டையிலிருந்து வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டிருந்த சொல்.

நோட்டைப் புரட்டப் புரட்டப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. சின்னப்பன் ஓரிடத்தில் பால் ஆகிவிட்டார். டிசம்பர் 27-இல் பிறந்த என் சித்தப்பா மகன் அருளப்பன், மதுரைக்கு வேலைக்குப் போன வருஷத்திலிருந்து ஜான். அமலோற்பவம் அமலா, பிறகு இம்மாகுலேட். சூசைகள் கூட்டம் கூட்டமாக ஜோசப் ஆனார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயர் ஏற்றும் நாளில், கிளார்க் முன்னால் நின்றுகொண்டு, "ஸ்டீபன் சார்" என்று நானே சொன்னேன். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னதும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தாத்தா அப்போது இல்லை.

கோயிலிலும் பெயர் மாறிக்கொண்டுதான் இருந்தது. சின்ன வயதில் லத்தீன் பூசை கேட்டவன் நான். பிறகு தமிழ் வந்தது. சேசு இயேசுவானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், பூசை திருப்பலியாயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து திருவிவிலியத்தைக் கொண்டுவந்தபோது, அருளப்பர் யோவானாகி, சின்னப்பர் பவுலாகி, முடியப்பர் ஸ்தேவானாகிவிட்டார். இரண்டு தமிழ் ஒரு தமிழானது நல்லதுதான். என் இரண்டு தாத்தாக்களும் இருந்திருந்தால் ஒரே புத்தகத்தில் வாசித்திருப்பார்கள். ஆனால் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்ததில் அதிகம் போனது தமிழ்ப் பொருள் உள்ள பெயர்கள்தான் என்பது என் கட்சி.

நோட்டின் நடுப்பக்கத்தில் ஓர் உறை செருகியிருந்தது. நான் முதன்முதலாக ஊரை விட்டுச் சென்னைக்குப் படிக்கப் போன வருஷத்து முத்திரை. பரீட்சை என்று அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வரவில்லை. அப்பாவின் அச்சுக் கையெழுத்தில் விலாசம்: 'முடியப்பன், முதலாண்டு', பிறகு விடுதியின் பெயர். அதன் குறுக்கே சிவப்பு மையில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: 'இப்பெயரில் எவரும் இல்லை. அனுப்பியவருக்கே.'

உறை பிரிக்கப்படவே இல்லை. விடுதியில் எல்லோருக்கும் நான் ஸ்டீபன். அந்த டிசம்பரில், எல்லோருக்கும் அட்டை அனுப்புகிற அப்பா எனக்கு ஒன்று போடவில்லையே என்று எனக்கு மனக்குறை. பொங்கலுக்குப் போனபோது அதை வைத்து இரண்டு நாள் சரியாகப் பேசக்கூட இல்லை. அப்பா இந்த உறையை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நோட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். பதினேழாவது பெயர் முடியப்பன். எதிரே ஒரு டிக், பிறகு அந்த டிக்கின் மேல் ஒரு பெருக்கல் குறி. அடுத்த வருஷப் பக்கத்தில் அதே பதினேழாம் இடத்தில் 'ஸ்டீபன்'. 'ஸ்' என்ற எழுத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்திருக்கிறார்.

உறையை அன்றைக்குத்தான் பிரித்தேன். உள்ளே குடில் படம் போட்ட அட்டை. கேழ்வரகு முளைக்கவைத்து, சாக்கில் சுண்ணாம்பு தோய்த்து மலை செய்து, எங்கள் ஊரில் நாங்கள் கட்டுவோமே அது மாதிரி இல்லை, வெளிநாட்டுப் பனிக் குடில். பின்பக்கத்தில் அப்பா எழுதியிருந்தார்: 'பாலன் ஆசீர்வதிக்க. 26-ந்தேதி உன் பெயர் நாள், மறவாமல் பூசை காண்.' பிறந்தநாள் என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் பிறந்தநாளைவிடப் பெயர் நாள்தான் பெரிது.

மகளுக்குப் பெண்குழந்தை, டிசம்பர் 28-இல். மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் அது. தாத்தா இருந்தால் என்ன எடுத்துக் கொடுத்திருப்பாரோ. நேட்டலி என்று முடிவு செய்திருந்தார்கள், நான் மறுப்புச் சொல்லவில்லை. ஞானஸ்நானத்துக்குப் போனபோது எழுதுகிற இளம் குருவானவர் தாத்தாவின் பெயரைக் கேட்டார். ஆதார் அட்டையில் இருப்பதைச் சொல்ல மகள் வாயெடுப்பதற்குள், "முடியப்பன்" என்றேன். "அப்படின்னா?" என்று கேட்டார் அவர். சொன்னேன்.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த டிசம்பரில் ஒரு வேலை செய்யுங்கள். ஆதாரில் இருக்கும் பெயர் வேண்டாம், கோயில் புத்தகத்தில் எழுதிய பெயர் என்ன என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.